தானாக நின்றதா, நிறுத்தினாரா

சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரே திருப்பு. ஒரு இருமல், ஒரு தயக்கம், ஒன்றும் கிடையாது. சென்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாளாக இந்தப் பழைய இரண்டு சீட்டுச் சிவப்புக் கார் அவனிடம் நல்ல பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது, காலையில் எழுப்பினால் எழுகிறது, மத்தியானம் எழுப்பினால் எழுகிறது, அவனாக அணைக்கிற வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது நிற்க வேண்டும். அதற்காகத்தான் எழுப்புவதே. ஊரில் உள்ள மெக்கானிக் எல்லாம் நின்ற வண்டியை ஓட வைக்கத் தலையால் தண்ணி குடிக்கிறான், இவன் ஒருத்தன் ஓடுகிற வண்டி நின்று தொலையாதா என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பன்னிரண்டு பத்து. வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் பூங்கோதை அக்கா உட்கார்ந்திருந்தாள், மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கையும். பதினாறு நாளைக்கு முன்னால் அவளுடைய புருஷன் திருமூர்த்தி இந்த வண்டியில் தனியாகக் கோத்தகிரி மலை ஏறினார். மத்தியானம் மூன்று மணிக்கு, மூட்டத்துக்குள், ஒரு கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் வண்டி நின்றிருந்தது; கியரில் இருந்தது, ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது, கதவு சாத்தியிருந்தது; ஆள் கீழே பள்ளத்தில் கிடந்தார். வந்த போலீஸ்காரர் சாவியைத் திருப்பினார், ஒரே திருப்பில் ஓடியது. ஓடுகிற வண்டியை ஒரு மனுஷன் பள்ளத்தோரம் நிறுத்தி, ஒழுங்காகக் கதவைச் சாத்திவிட்டு இறங்கினால் ஊர் அதற்கு என்ன சொல்லுமோ அதைச் சொன்னது. அக்கா மட்டும் ஒப்பவில்லை. காரியம் முடிந்த மறுநாளே வண்டியை இழுத்துக்கொண்டு வந்து சிங்காநல்லூரில் இவன் ஷெட்டில் விட்டாள். "அவரா நிறுத்துனாரா, அதுவா நின்னுச்சா. எனக்கு அது ஒண்ணுதான் தெரியோணும் சென்னியப்பா" என்றாள். அவன் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

அதுவாக நின்றிருந்தால். அங்கேதான் அவன் நினைப்பு ஆணியில் மாட்டிய வேட்டி போல நின்றுவிடும், இழுத்தால் கிழியும், விட்டால் தொங்கும். ஏனென்றால் மலைக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்னால் இதே வண்டி இதே இடத்தில் இதே மாதிரி பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது, திருமூர்த்தி இந்த இடத்தில்தான், இதோ இந்த டூல்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில், சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். சிக்னலில் நின்றால் அடங்கிப் போகுது சென்னியப்பா என்றார். இவன் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான், பாயிண்ட்டைத் தேய்த்தான், பிளக்கை மாற்றினான், கடைசியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஐட்லிங், நின்ற இடத்தில் இஞ்சின் துடிக்கிற வேகம், அதைப் பிடித்தான். பிடித்து முடித்தபோது திருமூர்த்தி, இன்னும் கொஞ்சம் இறக்கப்பா, இது ஆட்டோ மாதிரி பதறுது, என்றார். அவருக்கு இஞ்சின் மெதுவாகத் துடிக்க வேண்டும், ஒவ்வொரு துடிப்பும் தனியாகக் காதில் விழ வேண்டும், அது ஒரு பைத்தியம் அவருக்கு. இவன் அரைத் திருப்பு இறக்கினான். வேண்டாமுங்க்கண்ணா, ஏத்தத்துல அமுக்கிரும், என்று சொன்னானா? சொன்ன மாதிரிதான் இருக்கிறது. ராத்திரி படுத்தால் சொன்ன மாதிரி இருக்கிறது, விடிந்தால் இல்லை, வாயைத் திறக்கவே இல்லை, தலையை ஆட்டினான், அவ்வளவுதான். அரைத் திருப்பு. ஒரு ஸ்க்ரூவின் அரைத் திருப்பில் ஒரு மனுஷன் பள்ளத்துக்குப் போவானா? போவான் என்றால் இவன் கை செய்த வேலை அது. போகமாட்டான் என்றால் திருமூர்த்தி தானாகவே போனார், வாசலில் உட்கார்ந்திருக்கிறாளே அவளை விட்டுவிட்டுப் போனார். இரண்டில் ஒன்று. பழுது கிடைக்க வேண்டும் என்று வேண்டுவதா, கிடைக்கக் கூடாது என்று வேண்டுவதா என்று தெரியாமல் மூன்று நாளாக இவன் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. முதல் நாள் அந்த அரைத் திருப்பைத் தொடவே கை வரவில்லை. அப்படியே ஓடவிட்டான். ஒரு மணி நேரம் ஓடியது. இன்னும் கால் திருப்பு இறக்கினான், வேண்டுமென்றே. அப்போதும் ஓடியது, கிழவன் மூச்சுப் போல ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு, ஆனால் நிற்கவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கியது. சோறு இறங்கியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்றாள் அக்கா. "ஏழுங்க்கா." "நேத்தும் இப்படித்தானே ஓடுச்சு." "நேத்து பாட்டில்லதானுங்க்கா ஓட்டினேன். டேங்க் காலியா வந்துச்சுங்களே." போலீஸ் ஸ்டேஷனில் நின்றுவிட்டு வருகிற வண்டியில் பெட்ரோல் மிச்சம் இருந்து அவன் பார்த்ததில்லை, அதனால் நேற்றுவரைக்கும் ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி மேலே கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, குழாயை நேரே கார்பரேட்டருக்குக் கொடுத்து ஓட்டினான், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி. இன்றைக்குக் காலையில்தான் கேனில் வாங்கி வந்து டேங்கில் கழுத்து வரைக்கும் ஊற்றினான். அன்றைக்கு மேட்டுப்பாளையத்தில் அவர் அப்படித்தான் நிரப்பினாராம், பங்க்காரன் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கட்டும். "அன்னைக்கு என்னையும் கூப்பிட்டாரு" என்றாள் அக்கா, இவனைப் பார்க்காமல், வண்டியின் காலி சீட்டைப் பார்த்து. "ரெண்டு சீட்டு இருக்குதுல்ல, ஒண்ணு சும்மாதானே வருது, வாடீன்னாரு. நான் போகலை. அந்த வண்டியவே கட்டிக்கிட்டு எங்காச்சும் போயிருங்க, நான் நிம்மதியா இருப்பேன்னேன்." இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "வாய்ல வந்தது சென்னியப்பா. முப்பது வருஷத்துல முன்னூறு தடவை சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூட அவரு அதைக் காதுல வாங்குனதில்லை. அன்னைக்கு வாங்கிட்டாரோன்னு…" அவள் முடிக்கவில்லை. "அப்படியெல்லாம் இருக்காதுங்க்கா" என்றான். அப்படி இருக்காது என்றால் பின்னே எப்படி இருக்கும், அதைச் சொல்ல வேண்டியவன் நீதானே என்று உள்ளே ஒன்று கேட்டது. அப்போதுதான் அந்தச் சத்தம். டொக். வண்டிக்குள்ளிருந்து, முன்னால் இல்லை, பின்னால், சீட்டின் பக்கம். ஒரு ஆள் சாய்ந்து உட்கார்ந்தால் தகரம் கொடுக்கிற சத்தம்.

யாரும் உட்காரவில்லை. இரண்டு சீட்டும் காலி. டிரைவர் சீட்டின் தோல் நடுவில் பள்ளம், இத்தனை வருஷம் உட்கார்ந்த பள்ளம், அது எப்போதும் அப்படித்தான் இருக்கிறது. எப்போதும் அப்படித்தானா? இவ்வளவு ஆழமா? சூடு ஏறினால் தகரம் சத்தம் கொடுக்கும், தெரியாதவன் பயப்படுவான், இருபத்தாறு வருஷம் இஞ்சினுக்குள் தலையை விட்டவன் பயப்படலாமா. பயப்பட்டான். பன்னிரண்டு நிமிஷம். அவன் காதை மறுபடி இஞ்சினுக்குக் கொடுத்தான். நான்கு துடிப்பு, நான்கும் சமம், இக்னிஷன் காயிலைத் தொட்டால் சுடுகிறது ஆனால் கை வைக்க முடிகிறது, வயர் எல்லாம் இறுக்கம், காற்று ஒழுகுகிற இடம் இருந்தால் சீறும், சீறவில்லை. நன்றாக இருக்கிறாய். நன்றாக இருந்துகொண்டு ஏன் இப்படி செய்தாய்? இஞ்சினைக் கேட்டானா, திருமூர்த்தியைக் கேட்டானா, அவனுக்கே தெரியவில்லை. அவருக்கு என்ன குறை, நல்ல மனுஷன், பிளக் மாற்றினால் பழைய பிளக்கைக் கையில் வாங்கி வைத்துப் பார்த்து, பாவம் உழைச்சிருக்குப்பா என்பார். பிளக்குக்குப் பாவம் பார்க்கிறவர். டொக். இந்தத் தடவை அக்காவுக்கும் கேட்டது. அவள் நிமிர்ந்தாள். "என்ன அது?" "தகரம்ங்க்கா. சூட்டுக்கு." தகரம்தான். ஆனால் சூடு முன்னால், சத்தம் பின்னால். பின்னால் என்ன சூடு? ஷெட்டுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் மழைக்கு முந்திய இருட்டு வந்து உட்கார்ந்திருந்தது, உச்சி நேரத்தில் டியூப் லைட் போட வேண்டியிருந்தது, பட்டறை எல்லாம் அடங்கிக் கிடந்தது, எதிர் லேத்தையும் சாப்பாட்டுக்கு மூடிவிட்டார்கள். இந்த ஒரு சத்தம்தான் உலகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு. பத்தொன்பது. அவர் இப்போது மேட்டுப்பாளையம் தாண்டியிருப்பார், பாக்குத் தோப்பு முடிந்திருக்கும், முதல் வளைவு. சீ, என்ன இது, நான் ஏன் அவரோடு ஏறுகிறேன். இருபது. ஜன்னலை இறக்கியிருப்பார், மூட்டம் உள்ளே வரும், கை ரோமத்தில் ஈரம். இருபத்தொன்று. இப்போது துடிப்பில் ஒன்று விட்டது. விட்டதா? இல்லை. விட்டது. நான்கில் ஒன்று கால் தடுக்கி, எழுந்து, மறுபடி சேர்ந்துகொண்டது. சென்னியப்பனின் கை தானாக ஐட்லிங் ஸ்க்ரூவுக்குப் போயிற்று, அரைத் திருப்பு ஏற்றினான், அன்றைக்கு இறக்கிய அதே அரைத் திருப்பு, திருப்பிக் கொடுத்துவிட்டேன் எடுத்துக்கொள் என்பது போல. இஞ்சின் ஒரு கணம் தூக்கியது. அப்புறம் ஏற்றினாலும் கேட்கவில்லை, இறக்கினாலும் கேட்கவில்லை, தண்ணிக்குத் தவித்தவன் போல இழுத்தது, இழுத்தது, டொக் என்று பின்னால் பெரிதாக ஒரு சத்தம், நின்றுவிட்டது. இருபத்து நான்காவது நிமிஷம். அக்கா எழுந்து நின்றிருந்தாள், கைப்பை கீழே கிடந்தது. "நீ நிறுத்துனியா?" "இல்லீங்க்கா." "சாவியத் தொட்டியா?" "தொடலைங்க்கா." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷெட் முழுக்க நிசப்தம். அந்த நிசப்தத்தில் அவன் சாவியைத் திருப்பினான். சுற்றியது, சுற்றியது, பிடிக்கவே இல்லை.

ஐட்லிங் இல்லை. நான் இல்லை. அரைத் திருப்பு இல்லை, ஏற்றியும் நின்றதே. இந்த நினைப்பு வந்ததும் உடம்பெல்லாம் லேசாகி, சிரிப்புகூட வரப் பார்த்தது, அக்கா நிற்கிறாளே என்று அடக்கிக்கொண்டான். அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை, பின்னே யார். பெட்ரோல் வரவில்லை, அது தெரிகிறது. டேங்க் நிறைய இருக்கிறது, அதுவும் தெரிகிறது. நிறைய இருந்தும் வராமல் பிடித்துக்கொண்டிருப்பது எது? பாட்டிலில் வந்தது, டேங்கில் வரவில்லை. பாட்டிலுக்கு மூடி இல்லை. அவன் காலைத் தேய்த்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனான், ஏனோ சீட்டின் பக்கம் பார்க்காமல் சுற்றிப் போனான். டிக்கி ஓரத்தில் டேங்க் மூடி, பழைய கால மூடி, உள்ளங்கை அகலம். பிடித்துத் திருப்பினான், வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்திருந்தார்கள். பல்லைக் கடித்துத் திருப்பினான். மூடி விட்டுக்கொடுத்ததும் டேங்க் மூச்சு இழுத்தது. ஸ்ஸ்ஸ் என்று நீளமாக, ஒரு மனுஷன் தண்ணிக்கடியிலிருந்து மேலே வந்து இழுக்கிற மூச்சு, முடியவே முடியாதோ என்று தோன்றும்படி இழுத்தது, உள்ளே ஒடுங்கிப்போயிருந்த தகரம் டொக் டொக் என்று ஒவ்வொன்றாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. சென்னியப்பனின் கை மயிர் எல்லாம் நின்றது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், அதற்காக மூடியின் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், அது அடைத்தால் டேங்க் மூச்சு முட்டும், இஞ்சின் சாகும், ஓரத்து இடுக்கில் ஒரு மணி ரெண்டு மணி நேரம் காற்று கசிந்து ஏறியதும் ஒன்றும் நடக்காதது போல உயிர் வரும். அதனால்தான் போலீஸ்காரர் கையில் ஒரே திருப்பில் ஓடியது. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் படிக்கிற பாடம். முதல் வாரத்துப் பாடம் என்பதால்தான் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அவன் மூடியைத் திருப்பி வெளிச்சத்துக்குக் காட்டினான். நட்ட நடுவில் சந்தனம். காய்ந்து, வெடித்து, மேலே ஒரு துளி குங்குமத்தோடு, ஓட்டைக்குள் ஆணி போல இறங்கிய சந்தனம். காலையில் இதே மூடியைத் திறந்து மூடினானே, பார்த்தான்தான், ஆயுத பூஜை முடிந்த மாசம் எந்த வண்டியில் சந்தனம் இல்லை, கண்ணுக்குப் பழகிப்போனது கண்ணில் படுமா. அன்றைக்கு இந்த ஷெட்டில் பதினோரு வண்டி வரிசையாக நின்றது, எல்லாவற்றுக்கும் அவன்தான் வைத்தான், வருஷா வருஷம் அவன்தான், பானெட்டில் மூன்று, ஸ்டீரிங்கில் ஒன்று, மூடியில் ஒன்று. திருமூர்த்தி பக்கத்தில் நின்று, நல்லா கெட்டியா வைப்பா, போன வருஷம் மழைக்கு ஓடிப்போச்சு, என்றார். இவன் கெட்டியாக வைத்தான். கட்டை விரலால் அழுத்தி வைத்தான். சந்தனத்தில் ரேகை தெரிந்தது. வளைந்து வளைந்து போன கோடு, நடுவில் ஸ்பானர் கிழித்த பழைய தழும்பின் வெட்டு. அவன் விரலை அதன் மேல் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

மூட்டத்துக்குள் என்ன நடந்தது என்பது இப்போது யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்தது. பூஜைக்கு அப்புறம் டவுனுக்குள் பத்து நிமிஷம் பதினைந்து நிமிஷம் ஓடியிருக்கும், அடுத்த சிக்னலில் நின்றாலும் நம்ம ஐட்லிங்தான் என்று விட்டிருப்பார். மலைதான் முதல் நீள ஓட்டம். ஏற்றத்தில் இஞ்சின் செத்திருக்கிறது. இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் சும்மா பேருக்கு. அதைப் போட்டு, கியரிலும் போட்டு, அப்போதும் பின்னுக்கு ஊர்கிறதா என்று பார்த்து, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் தேட இறங்கியிருப்பார், எந்த டிரைவரும் அப்படித்தான் செய்வான், கல் ரோட்டோரத்தில்தானே கிடக்கும், மூட்டத்தில் ஓரம் எது பள்ளம் எது. கதவை ஏன் சாத்தினார்? ஈரம் உள்ளே போனால் சீட்டின் தோல் கெடும், அதற்குப் பாவம் பார்த்திருப்பார். அவ்வளவுதான். சாகப் போகிறவன் செய்த ஒழுங்கு இல்லை அது, வீட்டுக்குத் திரும்பி வரப் போகிறவன் செய்த ஒழுங்கு. "கிடைச்சுதா?" என்றாள் அக்கா, வாசலிலிருந்தே. அவளுக்கு அவன் முதுகுதான் தெரியும். கையில் வேஸ்ட் துணி இருக்கிறது. ஒரு துடைப்பு. ஒரே ஒரு துடைப்பு, ஒரு குண்டூசி, சந்தனம் பொடியாகக் கீழே விழும், தரையில் இத்தனை அழுக்கில் அது ஒரு அழுக்கு. பெட்ரோலில் தூசிங்க்கா என்று சொல்லலாம். பங்க்கில் தண்ணி கலந்துட்டானுங்க்கா. அவளுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும், அதுவா நின்னுச்சு, அவர் போகலை. இவனுக்கும் ஷெட் இருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும், பதினோரு வண்டி அடுத்த வருஷமும் வரிசையில் நிற்கும். யாருக்கு என்ன நஷ்டம்? துணியை எடுத்துவிட்டான். எடுத்த கை மூடியின் மேல் போய் நின்றது. தூசி என்றால் அவள் நம்புவாள். நம்பி வீட்டுக்குப் போவாள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, தூசியாம், நேற்றுவரை இல்லாத தூசி, சென்னியப்பன் நம்ம மனசு ஆறட்டும்னு சொல்லியிருப்பான், என்று நினைப்பாள். நினைப்பாள்தான், அவளுடைய வேதனை அப்படிப்பட்டது, கண்ணால் பார்க்காத எதையும் அது நம்பாது. மறுபடி அந்தப் பழைய இடத்துக்கே போவாள், எங்காச்சும் போயிருங்க என்று சொன்ன இடத்துக்கு. சாகிற வரைக்கும் போய்க்கொண்டிருப்பாள். அவன் துணியைக் கீழே போட்டான்.

"இங்க வாங்க்கா" என்றான். குரல் யாருடையதோ போல இருந்தது. அவள் வந்தாள். மூடியை அவள் கையில் கொடுத்தான், காற்றுக்கு இருக்கிற ஓட்டையைக் காட்டினான், அடைத்திருப்பதைக் காட்டினான், டேங்க் மூச்சு முட்டியதை, இஞ்சின் தவித்ததை, கல் தேட இறங்கியதை, ஒவ்வொன்றாகச் சொன்னான், அவசரப்படாமல், ஒரு வார்த்தையும் விடாமல். "அண்ணன் நிறுத்தலைங்க்கா. அதுவா நின்னுச்சு. இப்ப உங்க கண்ணு முன்னால நின்னுச்சே, அதே மாதிரி." அக்கா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெச்சது நானுங்க்கா" என்றான். "அந்தச் சந்தனம். என்ற கைதான். கெட்டியா அழுத்தி வெச்சேன்." அவள் மூடியைப் பார்த்தாள், காலி சீட்டைப் பார்த்தாள். "போகலை" என்றாள். "அவரு என்னை விட்டுட்டுப் போகலை சென்னியப்பா. நான் சொன்னதுக்காகப் போகலை." பதினாறு நாளாக அழாதவள் அப்போது அழுதாள், வாயைத் திறந்து, வெட்கமில்லாமல், குழந்தை அழுவது போல. அழுதுகொண்டே அவனுடைய வலது கையைப் பிடித்தாள். அவனுக்கு இழுத்துக்கொள்ளத் தோன்றியது, ஆனால் இழுக்கவில்லை. கிரீஸும் பெட்ரோலுமாக இருந்த அந்தக் கையை இரண்டு கையாலும் தூக்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், ஒரு கண்ணில், பிறகு மறு கண்ணில். "நீ நல்லா இருக்கோணும்" என்றாள். "என்ற உசுரக் குடுத்துட்ட. நீ நல்லா இருக்கோணும் சாமி." கட்டை விரல் அவள் இமை மேல் இருந்தது. அடியில் கண் துடிப்பது விரலுக்குத் தெரிந்தது, சூடாக, ஒழுங்கில்லாமல். வெளியே மழை விழ ஆரம்பித்தது. அவன் சொன்னதில் பாதிதான் அவள் காதில் விழுந்திருக்கிறது, மீதியை இன்னொரு தடவை சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கையை அவளிடமே விட்டு வைத்தான். பிறகு சொன்னான். "அக்கா. அண்ணனைக் கொன்னது இந்தக் கைதானுங்க்கா." இந்தத் தடவை அவள் அழுகை நின்றது. ஆனால் கையை இன்னும் விடவில்லை.